நான் கடைந்த வளையம்

ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கும்வரை என் வண்டி யோக்கியமாக ஓடும். கையைத் தளர்த்தினால்தான் வெடிக்கும். வேகத்தடை வந்தால் ஒரு படார். முன்னால் போகிற பேருந்து நிறுத்தத்தில் நின்றால் ஒரு படார், அதன் பின்னாலேயே சின்னதாக இரண்டு மூன்று பட் பட். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், வேலை கணபதியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எத்தனை இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வோர் இடத்திலும் எனக்கென்று திரும்பிப் பார்க்கும் முகங்கள் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். வெடிக்காவிட்டால் ஏமாந்துபோவார்கள். அவர்களை ஏமாற்றும் பாக்கியம் எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி. என் மாமனார் ஓட்டிக் களைத்து எனக்குத் தந்தது. கல்யாணத்தில் தருவதாகச் சொன்னதைப் பத்து வருஷம் கழித்து, அது கிழடானபிறகு தந்தார். அதையும் ஏதோ தேர் தருவதுபோல மாலை போட்டுத் தந்தார்.

கோயமுத்தூரில் வண்டி வெடித்தால் அந்தச் சத்தத்தைவிடக் கொடுமை, அதற்கு வழியெல்லாம் கிடைக்கும் வைத்தியம். இந்த ஊரில் பிறந்தவன் எவனும் தன்னைப் பாதி இன்ஜினியர் என்றுதான் நினைத்துக்கொள்வான். தெருவுக்கு ஒரு லேத், சந்துக்கு ஒரு ஃபவுண்டரி இருந்தால் அப்படித்தான். சிக்னலில் பக்கத்தில் நிற்பவன், முன்பின் தெரியாதவன், குனிந்து என் எஞ்சினைப் பார்ப்பான். "ஏனுங்க, பிளக்க மாத்திப்போடுங்க, செரியாயிருமுங்க." அடுத்த சிக்னலில் இன்னொருவன். "பெட்ரோல்ல சீமெண்ணெயக் கலந்துபோடறானுங்க, பங்க் மாத்திப் பாருங்க." டீக்கடையில் ஒருவர் என் சைலன்சரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு நோய் சொல்வதுபோல, "காயில் போயிருச்சுங்க" என்றார். அவர் வெற்றிலை வியாபாரி. எல்லாரும் 'ங்க' போட்டு இனிக்க இனிக்கப் பேசுவதால் பதிலுக்குத் திட்டவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சரிங்க, சரிங்க என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலித்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மனைவி பட்டுப்புடவையில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மண்டப வாசலில் கையைத் தளர்த்தியதுதான் தாமதம், அன்றைக்கென்று இருந்ததிலேயே பெரிய படார். பன்னீர் தெளிக்க நின்றிருந்த, மணப்பெண்ணின் சித்தப்பா செம்பைக் கீழே போட்டார். உள்ளே நாதஸ்வரம் ஒரு கணம் தடுமாறியது. "நீங்க வந்துட்டீங்கன்னு மணவறை வரைக்கும் தெரிஞ்சுபோச்சுங்க" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பந்தியில் மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. திரும்பும்போது, "நீங்க வண்டில வாங்க, நானு பஸ்ஸுல வாரேன்" என்று சொல்லிவிட்டு நகையும் புடவையுமாக நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள். அவள் பஸ் ஏறும்வரை நான் எதிர்ப்பக்கம் வண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியை அப்படியே நொய்யலில் தள்ளிவிடலாம் போல் இருந்தது.

நான் யார் என்று சொல்ல வேண்டும். கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டூல் ரூம் ஃபோர்மேன். நூல் பிசகாமல் வேலை செய்கிறவன் என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரை நான் தினமும் துடைத்து வைத்துக்கொள்வேன். அழுக்குத் துணி, எண்ணெய்க் கை, குத்துமதிப்பு வேலை, 'இருந்துட்டுப் போகுதுங்க' என்கிற பேச்சு, இதெல்லாம் எனக்கு உமட்டும். எவனாவது ஸ்பேனரைச் சுத்தியலாகப் பயன்படுத்துவதைப் பார்த்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் வண்டியில், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வாயும் வளைந்த பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் ஒரு செப்பு வாசர் இருந்தது. மெல்லிய வளையம், அவ்வளவுதான். அது நசுங்கித் தேய்ந்துபோயிருந்தது. ஸ்பேர் கடையில் இரண்டு டீ விலைக்குக் கிடைக்கும். ஆணியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எனக்கு அது அவமானமாகப் பட்டது. நானாவது, ஆணியில் தொங்குகிற சாமானை வாங்குவதாவது! ஒரு மதிய இடைவேளையில் எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் ராடில் ஒரு துண்டு வெட்டி, லேத்தில் கட்டி, நானே ஒரு வளையம் கடைந்தேன். இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி வரும்வரை பாலீஷ் போட்டேன். மைக்ரோமீட்டரை எங்கே வைத்தாலும் ஒரே கனம் காட்டியது. டூல் ரூம் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "நகைக்கடையில வெக்கலாமுங்க" என்றான் ஒருவன். மூன்று நாள் அந்தப் பேச்சு எனக்குக் காதில் இனித்தது.

அதை மாட்டியது சித்திரையில். வெடிக்கத் தொடங்கியது வைகாசியில், முதலில் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல, பிறகு படிப்படியாகப் பெரிதாக. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கடைந்தவன் நானல்லவா!

அந்த வருஷம் எங்கள் முதலாளி, கம்பெனி வண்டிகளின் பராமரிப்பை மாதக் காண்ட்ராக்டாக வெளியே விட நினைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பம்ப் பார்க்கிற சர்வீஸ் ஆட்களின் மோட்டார் சைக்கிள்கள், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகள். ஆயுத பூஜையோடு முடிவு செய்துவிடலாம் என்றார். நல்ல ஆளாகப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனிக்குப் பின்தெருவில் தகரக் கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் இருந்தார். சர்வீஸ் ஆட்கள் எல்லாரும் அவரைத்தான் சொன்னார்கள். அவருக்கும் இந்தக் காண்ட்ராக்ட் தேவையாக இருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாகக் கடை கட்டப்போவதாகச் சொல்லி, இடத்துக்காரர் அவரை ஐப்பசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். மாதாமாதம் வேலை உண்டு என்று ஒரு கம்பெனியின் காகிதத்தைக் காட்டினால், நாலு தெரு தள்ளி ஒரு ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்குத் தர ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். காகிதம் கிடைக்காவிட்டால் சொந்தக் கடை போச்சு. ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவனிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, "உங்க காதுல ஒருக்கா போட்டு வெக்கலாமுன்னுதானுங்க" என்று.

அவருடைய அப்பா எங்கள் பெரியப்பா தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அந்தக் கணக்கில், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவரான அவர், நான் கொட்டகைக்குள் நுழைந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். உட்காரப்பா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போது 'அவர்' என்று தானாக வருகிறது. அன்றைக்கு என் வாயில் வந்ததெல்லாம் வாப்பா, போப்பாதான்.

ஆவணியில் ஒருநாள் வண்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினேன். சோதனை என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். தெருமுனையில் படார் என்று கேட்டது. திரும்பி வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஈரத்துணியைச் சுருட்டிச் சைலன்சரின் பின்வாயில் அழுத்திப் பிடித்தார். பிடித்த வாக்கிலேயே உடம்பை நீட்டி, இன்னொரு கையை முன்னால் பெண்ட் பைப்பின் பக்கம் கொண்டுபோனார். பார்க்கச் சகிக்கவில்லை. பிரசவம் பார்க்கிற மாதிரி ஒரு கோலம்.

"என்னப்பா, புகைய அடச்சு எஞ்சினக் கொல்லப் பாக்கறயா?"

"இல்லீங்க, சும்மா பாத்தனுங்க" என்று துணியை உடனே எடுத்துவிட்டார். பிறகு, "முறுக்கறப்ப வெடிக்கறதில்லீங்க. உட்டாத்தானுங்க வெடிக்குது. அப்ப எரியாத பெட்ரோலு கொஞ்சம் பைப்புக்கு வந்துருதுங்க. அது அங்க வெடிக்கோணும்னா, காத்து எங்கயோ..." என்று தொடங்கி, பெண்ட் பைப் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். "இந்த வாசர் எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. நான் கடஞ்சது. எஸ்.எஸ்."

அவர் பார்வை ஒரு கணம் வளையத்தில் நின்றது. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது.

"நெம்ப நல்லா இருக்குதுங்க. பளபளன்னு." கையைத் துடைத்துக்கொண்டார். "கடையில விக்கற செப்பு வாசர் ஒண்ணு... சும்மா போட்டுப் பாக்கலாமுங்களா?"

"ஏம்ப்பா, இதுல என்ன கொறையக் கண்டே? மைக்ரோமீட்டர்னா என்னன்னு தெரியுமா உனக்கு? சுத்திவர ஒரு நூல் மாறாது."

"கொறை ஒண்ணுமில்லீங்க" என்றார். "கார்ப்பரேட்டரக் கழட்டிப் பாத்துர்றனுங்க."

அதற்குமேல் அவர் அந்த வளையத்தின் பக்கமே போகவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் சின்ன ஜெட்டை ஊதி, ஒற்றைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் நான் அன்று பார்த்ததெல்லாம் அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பையும், கார்புரேட்டரைக் கழுவ எடுத்த தகர டப்பாவில் மிதந்த ஈயையும்தான். வெடிப்பு அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் பாயிண்ட்டைத் தேய்த்து டைமிங் வைத்தார். வெடிப்பு அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் டேப்பெட்டைச் சரிசெய்தார். பிறகு கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் நான் தெருமுனை வரை போய்க் கையைத் தளர்த்துவேன், அது படார் என்னும், நான் திரும்பி வருவேன், அவர் எழுந்து நிற்பார். அந்த எழுந்து நிற்றல் எனக்கு எரிச்சலை மூட்டியது. வேலை தெரியாதவன் மரியாதையை வைத்துச் சமாளிக்கிறான் என்று நினைத்தேன். ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, தன் டீயோடு கொட்டகைக்கு வெளியே போய் நின்று குடித்தார். அதுகூட எனக்கு நடிப்பாகப் பட்டது.

கடைசியாக, ஐந்தாம் தடவை, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றுகிற ஏர் ஸ்க்ரூவைத் திருகி வைத்தார். வெடிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது, சைலன்சர் வாயில் கரி அப்பிக்கொண்டது, மனைவி துவைக்கப் போட்ட என் பேண்ட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"என்னப்பா இது, பூசி மொழுகற வேலை?" என்று போய்க் கேட்டேன். கொட்டகையில் வேறு இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள்.

"காத்து அதிகமா வருதுங்க, அதுக்குப் பெட்ரோலக் கொஞ்சம் கூட்டி வெச்சனுங்க. வேற வழி..." என்று நிறுத்தினார்.

"வேற வழி தெரியலீன்னு சொல்லு. எதுக்கு இழுக்கற?"

அவர் தலையாட்டினார். தெரியவில்லை என்பதற்கா, தெரியும் என்பதற்கா என்று நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நன்றாகக் கேட்டுவிட்டோம் என்ற திருப்தியோடு கிளம்பினேன்.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். "என்னுங்க, அந்தப் பின்தெரு ஆளு தேறுவாருங்களா?"

"வாயில மரியாதை நெறைய இருக்குதுங்க. கையில வேலை இல்லீங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். நன்றாகச் சொன்னீர்கள் என்று மேஜையைத் தட்டினார். எனக்கும் என் வாக்கியம் பிடித்திருந்தது. மாலையில் அதை மனைவியிடம் இன்னொரு முறை சொல்லிக் காட்டினேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை, டெஸ்ட் பெஞ்ச்சில் ஒரு பம்ப் தண்ணீரை எடுக்காமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். உறிஞ்சுகிற பக்கத்தில் குழாய் சேரும் ஃபிளாஞ்சில் ரப்பர் பேக்கிங் வைக்காமல், முகம்தான் நன்றாக மெஷின் ஆகியிருக்கிறதே என்று இரும்பின்மேல் இரும்பை வைத்து முறுக்கியிருந்தான் ஒருவன். தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது பம்ப். தினமும் நான் கத்துகிற விஷயம்தான் அது.

"இரும்பும் இரும்பும் முட்டுனா காத்து நிக்குமாடா? பூப்போல ஒண்ணு நடுவுல இருக்கோணும். அது நசுங்கி, இந்த மேடு பள்ளத்துல போய் உக்காரோணும். அப்பத்தான் அடைக்கும். எத்தன வருஷமாச் சொல்றேன், மண்டையில ஏறவே ஏறாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டுக் கைகழுவி வீட்டுக்குக் கிளம்பினேன். துடியலூர் தாண்டி ஒரு மாட்டுவண்டிக்காகக் கையைத் தளர்த்தினேன். படார். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே, நான் கம்பெனியில் கத்தியது என் காதுக்கே கேட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கிக் குனிந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மறுபடி ஏறி, கையைத் தளர்த்தாமல், கிளட்சைப் பிடித்துப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருந்தபோதே வளையத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவி, வண்டியைக் கிளப்பினேன். ஈரத்துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயில் அழுத்தினேன். உடம்பை நீட்டி, இன்னொரு கையை முன்னால் கொண்டுபோனேன். அவர் நின்ற அதே கோலம். வளையத்தின் கீழ்ப்பக்கத்தில் பொரிப்பொரியாக நுரை வந்தது. மணிக்கட்டில் சூடாகக் காற்று அடித்தது, குழந்தை ஊதுவது மாதிரி. அவர் முதல் நாளே, இரண்டு நிமிஷத்தில், இதைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

கழற்றினேன். வளையத்தின் பளபளப்பான முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கரிக்கோடுகள் ஓடியிருந்தன. எஞ்சினின் வாய் வருஷக்கணக்கில் தேய்ந்து ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது. செப்பாக இருந்தால் நசுங்கி அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். என் வளையம் நசுங்காது. எவ்வளவு முறுக்கினாலும் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. ஆக்சிலரேட்டரை விட்டதும் பைப்புக்குள் உண்டாகும் இழுப்பில் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போக, எரியாமல் வந்த பெட்ரோல் அங்கேயே தீப்பிடித்து வெடித்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. பம்ப் கம்பெனியில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியவில்லை. தெரியாமல் இல்லை, தன் கையால் செய்தது என்றதும் கண் அவிந்துபோயிற்று.

திங்கள் மாலை கடைக்குப் போய் ஆணியில் தொங்கிய செப்பு வாசர் ஒன்றை வாங்கினேன். வீட்டு கேஸ் அடுப்பில் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன், இன்னும் மெத்தென்று ஆகட்டும் என்று. "சோறாக்கற அடுப்புலயா?" என்று மனைவி கேட்டாள். மாட்டி முறுக்கினேன். அவர் திருகி வைத்திருந்த ஏர் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் விரட்டிப் போய்க் கையைச் சட்டென்று விட்டேன். வண்டி புடுபுடுவென்று அடங்கி, நல்ல பிள்ளையாக வேகம் குறைந்தது. இன்னொரு தடவை விரட்டி விட்டேன். ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாக நான் ஏங்கிய அமைதி அது.

அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆயுத பூஜை வியாழக்கிழமைதான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: நான் சொன்னது தப்புங்க, அந்த ஆளுக்கு வேலை தெரியுமுங்க. செவ்வாய்க்கிழமை காலை முதலாளி அறைக்குப் போகும்போது அதை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்காரர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம். முதலாளி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க வாங்க, இவருதானுங்க நம்ம ஃபோர்மேன். இவரு கண்ணே மைக்ரோமீட்டருங்க. இவரு வேண்டாம்னு தள்ளுனா அந்தச் சாமானு கம்பெனி வாசலத் தாண்டாதுங்க. அவரு வண்டிக்கு ஒரு வளையம் கடஞ்சு போட்டிருக்கறாரு பாருங்க, வெள்ளி மாதிரி இருக்குமுங்க."

வந்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எனக்கும் சேர்த்து டீ வந்தது. குடித்தேன். அந்த வளையம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது, கரியோடு. எடுத்து மேஜைமேல் வைத்தால் முடிந்தது.

"ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா?" என்றார் முதலாளி.

"பூஜைக்கு வாழைக்கன்னு எத்தன வாங்கறதுங்க?" என்றேன்.

"நாலு வாங்கிப்போடுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எத்தனையோ பேருடைய அழுக்குக் கையைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். அன்று அந்தச் சுத்தமான மூஞ்சியைப் பார்த்துக் குமட்டியதுபோல் எதைப் பார்த்தும் குமட்டியதில்லை.

வியாழக்கிழமை கம்பெனி பூஜை மத்தியானத்தோடு முடிந்தது. வீட்டுக்குப் போகாமல் பின்தெருவுக்கு வண்டியை விட்டேன். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அதில் பொய்யில்லை. கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஸ்பேனர்களையெல்லாம் துடைத்துப் பலகையில் அளவு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஒன்றில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அவர் வெள்ளை வேட்டியில் இருந்தார். அவர் மனைவி பொரி கடலைத் தட்டோடு நின்றிருந்தார்.

கொட்டகைக்கு முன்னால் நான் கையைத் தளர்த்தியபோது வண்டி சத்தமில்லாமல் நின்றது. அவர் காது அதைக் கேட்டிருக்கும். எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. வண்டிக்குப் பொட்டு வெச்சுப்போடலாமுங்க."

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஹெட்லைட்டில் வைத்தார். டேங்கில் வைத்தார். எஞ்சினுக்கு வைக்கக் குனிந்தார். குனிந்தவர் சற்று நேரம் அப்படியே இருந்தார். செப்பு வாசர் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. பிறகு அதற்கு ஒரு விரல் தள்ளி, எஞ்சின் மேல் பொட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சத்தம் நின்னுபோச்சுங்களாட்ட இருக்குது."

"நின்னுபோச்சு."

"ஆருங்க பாத்தாங்க?"

வாய் திறந்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆர்.எஸ்.புரத்துல ஒருத்தன்" என்றேன்.

"நல்ல வேலைக்காரருங்க. செரியாப் புடிச்சுப்போட்டாருங்க."

அவர் மனைவி தட்டை நீட்டினார். ஒரு கை பொரி அள்ளிக்கொண்டேன். கொட்டகையின் பின்பக்கத் தகரத்தை ஏற்கெனவே கழற்றி, கட்டி வைத்திருந்தார்கள். அந்த வழியாக வெயில் உள்ளே விழுந்தது.

"கம்பெனியில வேற ஆளுக்கு முடிச்சுட்டாங்களாமுங்க" என்றார் அவர். "நேத்து சர்வீஸ் ஆளுங்க சொன்னாங்க. பரவாயில்லீங்க. அந்த ஒர்க்‌ஷாப்புலயே ஆளு வேணுமாமுங்க, திங்கக்கெழமையிலிருந்து அங்க போறனுங்க."

நான் பொரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க எனக்காகச் சொல்லித்தான் பாத்திருப்பீங்க" என்றார்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்ப்பா" என்றேன். "நெம்பவே சொன்னேன்."